குறிப்புகள் ஒரே செயலிக்குள் மாட்டிக்கொள்ளாமல் இருக்க என்ன வழி? (அப்பாவின் பழைய ஃபான்ட் கோப்புகளும் இருக்கின்றன)

புதுகை டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். புதுக்கோட்டைப் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வட்டார வழக்குச் சொல், தாலாட்டு, நடவுப்பாட்டு, விடுகதை இதையெல்லாம் சேர்ப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். சொல்பவர்கள் பெரும்பாலும் என் பிள்ளைகளின் அப்பத்தாக்கள். கீரனூர், இலுப்பூர், அன்னவாசல் பக்கம் போகும்போது போனில் பதிவு செய்துகொள்வேன், ராத்திரி உட்கார்ந்து கேட்டு எழுதுவேன். பாட்டு, எழுத்து, பாடியவர் படம், ஊர்ப்பெயர் எல்லாம் ஒரு குறிப்புச் செயலியில் இருக்கின்றன. பெயர் வேண்டாம். இலவசம் என்று ஆரம்பித்தது, இப்போது இத்தனை குறிப்புக்கு மேல் போனால் பணம் கட்டு என்கிறது. கட்டிவிடலாம். ஆனால் அடுத்த வருடம் என்ன சொல்லும் என்று யாருக்குத் தெரியும்?

சரி, வெளியே எடுத்துவிடலாம் என்று பார்த்தால் போனில் அந்த வசதியே இல்லை. கணினியில் ஏற்றி, ஒவ்வொரு நோட்டாகத் தேர்ந்தெடுத்து, அதன் சொந்த வடிவத்தில்தான் தருகிறது. அதை நோட்பேடில் திறந்தேன். ஒரே கோண அடைப்புக்குறி. நடுவில் தமிழ் வரி தெரிகிறது. அதற்குக் கீழே பக்கம் பக்கமாக அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தும் எண்ணும். அந்த இடத்தில்தான் ஒலிப்பதிவு இருந்திருக்க வேண்டும்.

இரண்டாவது விஷயம் அப்பா. அவரும் ஆசிரியராக இருந்தவர். ஓய்வு பெற்றதும் கணினி வாங்கி, கண்மாய், ஏரி, கோயில், ஊர்ச் சண்டை என்று நிறைய அடித்து வைத்திருக்கிறார். எல்லாம் வேர்டு கோப்பு. என் மடிக்கணினியில் திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்தாக வருகிறது. போனிலும் அப்படியே. அவரிடம் கேட்டால் "என் கம்ப்யூட்டர்ல நல்லாத்தானே தெரியுது, உனக்கு என்ன?" என்கிறார். அந்தக் கணினியோ எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாத நிலை.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: போன், கணினி இரண்டிலும் திறக்க வேண்டும். தமிழில் தேடினால் கிடைக்க வேண்டும். பாட்டும் அதன் எழுத்தும் பிரியக் கூடாது. எந்த நிறுவனம் மூடினாலும் என் பிள்ளைகளில் ஒருத்தி பிற்பாடு எடுத்துப் படிக்க முடிய வேண்டும். நிரல் எழுதச் சொல்லாதீர்கள்.

முனையம்

அக்கா, ஈமேக்ஸ் (உரை எழுதும் நிரல்) + ஆர்க் மோட் (அதில் குறிப்பெடுக்கும் வசதி) + கிட் (கோப்பின் பழைய பதிப்புகளைச் சேமித்து வைப்பது). முடிந்தது. ஆர்க் மோட் 2003-லிருந்து இருக்கிறது, இன்னும் இருபது வருடம் இருக்கும். எல்லாம் வெறும் உரைதான், யாரும் உங்களைப் பூட்ட முடியாது. முதல் மாதம் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

கும்பகோணம் டிடிபி

டீச்சர், தம்பி சொன்னது தப்பு இல்லை, ஆனால் உங்களுக்கு இல்லை. "நிரல் எழுதச் சொல்லாதீர்கள்" என்று எழுதியிருக்கிறாரே, கடைசி வரி வரைக்கும் படிக்க மாட்டீர்களா தம்பி.

நான் தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து டிடிபி கடை வைத்திருப்பவன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக அழைப்பிதழ், காதுகுத்து, கருமாதிக் கார்டு. என்னிடம் இருக்கிற பழைய ஃபைல் முக்கால்வாசி பேஜ்மேக்கர் (பக்கம் வடிவமைக்கிற மென்பொருள்). அதன் 7-ஆம் பதிப்பு 2001-இல் வந்தது, அதுதான் கடைசி. எங்கள் தொழிலில் அதற்கப்புறமும் வெகுகாலம் அதுவே ஓடியது. பழைய தமிழ் ஃபான்ட் எல்லாம் அதில் ஒழுங்காக உட்காரும் என்பதுதான் காரணம்.

அந்தக் காலத்தில் தமிழ் அடிக்க ஒரு மென்பொருள் விலைக்கு வாங்கினேன். பிரிண்டர் போர்ட்டில் விரல் நீளத்துக்கு ஒரு லாக் செருக வேண்டும். செருகினால்தான் அது வேலை செய்யும். லாக் கெட்டுப்போனால் கம்பெனிக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டும். பின்னால் வந்த கம்ப்யூட்டர்களில் அந்தப் போர்ட்டே கிடையாது. அடித்தது நான், கரண்ட் பில் கட்டியது நான், அவன் லாக் இல்லாமல் என் ஃபைலை நானே திறக்க முடியாது. இன்றைக்கும் கடை மூலையில் ஒரு விண்டோஸ் 98 பெட்டி அதற்காகவே நிற்கிறது. "எங்க அக்கா கல்யாணத்துக்கு அடிச்ச அதே டிசைன்" என்று யாராவது வந்தால்தான் அதற்கு உயிர் வரும்.

ஆகையால் எனக்கு ஒரே வழிமுறைதான். நல்ல செயலி எது என்று நான் கேட்பதே இல்லை. ஃபைல் எப்படி இருக்கிறது என்றுதான் பார்ப்பேன். புதிதாக ஏதாவது போட்டால் முதலில் அதில் ஒரே ஒரு குறிப்பு எழுதுவேன். நாலு வரி தமிழ், ஒரு படம், ஒரு ஆடியோ, ஒரு சின்ன அட்டவணை. உடனே அதை வெளியே எடுத்து, அந்தச் செயலி இல்லாத வேறு போனில் திறப்பேன். தமிழ் தமிழாக வருகிறதா, படம் தனிப் படமாக இருக்கிறதா, ஆடியோ ஓடுகிறதா, எழுதிய தேதி அப்படியே இருக்கிறதா. இதில் ஒன்று தவறினாலும் அந்தச் செயலியில் இரண்டாவது குறிப்பு போட மாட்டேன். பெண் கொடுக்கும் முன்னால் அந்த வீட்டைப் போய்ப் பார்ப்பது மாதிரி.

இனி அப்பா விஷயம். இதுதான் அவசரம், உங்கள் செயலி ஒரு மாதம் காத்திருக்கும். அவர் கணினியில் வேர்டைத் திறந்து எழுத்தின் மேல் சொடுக்குங்கள், மேலே ஃபான்ட் பெட்டியில் பெயர் தெரியும். பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்டாக இருந்தால், உங்கள் மடிக்கணினியில் "தமிழ்" என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று நிற்கும். அதாவது கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துதான், ஃபான்ட் அதற்குத் தமிழ் வேடம் போடுகிறது. ஃபான்ட் போனால் தமிழும் போச்சு. பாமினி, டாம், டேப், டிஸ்கி, வானவில் என்று ஒவ்வொன்றுக்கும், எந்தக் குறிக்கு எந்தத் தமிழ் எழுத்து என்று ஒவ்வொரு அட்டவணை. ஒன்றுக்கு உரிய மாற்றியில் இன்னொன்றைப் போட்டால் வருவது எந்த மொழியும் இல்லை.

இதை யூனிகோடுக்கு, அதாவது எந்தக் கருவியிலும் தமிழ் தமிழாகவே நிற்கிற பொதுக் குறியேற்றத்துக்கு, மாற்றித் தருகிற கருவிகள் நிறைய இருக்கின்றன. விண்டோஸில் என்எச்எம் கன்வர்ட்டர், பைத்தான் தெரிந்த பிள்ளை கிடைத்தால் ஓப்பன் தமிழ் நூலகம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எல்லோரும் செய்வது, வேர்டிலிருந்து மொத்தத்தையும் நகலெடுத்து மாற்றியில் ஒட்டுவது. அப்பா நடுவில் ஆங்கிலம் அடித்திருப்பார் இல்லையா? கண்மாய் ஊரிலிருந்து 5 கிலோமீட்டர் என்பதை ஆங்கிலத்தில் கே எம் என்று சுருக்கி அடித்திருந்தால், மாற்றியபின் அது "5 மஅ" ஆகிவிடும். பாமினியில் கே என்றால் ம, எம் என்றால் அ. எது ஆங்கிலம் எது தமிழ் என்பது வேர்டு கோப்பில் ஃபான்ட் பெயரை வைத்துத்தான் தெரியும். வெறும் உரையாக எடுத்த நொடியில் அந்த அடையாளம் அழிந்துவிடும். அதனால் வேர்டிலேயே ஆங்கிலப் பகுதியை ஃபான்ட் பெயர் வைத்துத் தேடி வேறு நிறம் கொடுத்துவிட்டு, தமிழ்ப் பகுதியை மட்டும் துண்டு துண்டாக மாற்றுங்கள். சலிப்பான வேலை. ஆனால் ஊர்ப்பெயரும் அளவும் இருக்கிற கோப்பு, தப்பு விழுந்தால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

அதற்கு முன்னால், இன்றைக்கே, அவர் கணினியில் இருந்தபடி ஒவ்வொரு கோப்பையும் பிடிஎஃப் ஆக்கிக்கொள்ளுங்கள். ஃபான்ட் உள்ளேயே பதிந்துவிடும், எங்கே திறந்தாலும் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். பிழை திருத்த அதுதான் மூலம். அதோடு அசல் வேர்டு கோப்பையும் அந்த ஃபான்ட் ஃபைலையும் ஒரே இடத்தில் போட்டு வையுங்கள்.

பிடிஎஃப் இருந்தால் போதுமே என்று மட்டும் நினைக்காதீர்கள். பழைய ஃபான்ட் பிடிஎஃபில் தேடவே முடியாது. யூனிகோடில் அடித்து எடுத்த பிடிஎஃபிலும் நகலெடுத்து ஒட்டினால் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இடம் மாறி விழுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அச்சுக்கும் கண்ணுக்கும்தான் அது.

புதுகை டீச்சர்

சார், ரொம்ப நன்றி. நேற்றே பிடிஎஃப் ஆக்கிவிட்டேன். பாமினிதான். "இத்தனை நாள் நான் இங்கிலீஷிலயா அடிச்சேன்" என்று அப்பா சிரித்துக்கொண்டே இருந்தார்.

முனையம் தம்பி, ஈமேக்ஸைத் திறந்தேன். மூடத் தெரியாமல் கணினியையே அணைத்தேன்.

என் குறிப்புகளுக்கு வருவோம். எடுத்த கோப்பில் ஒலிப்பதிவு இருக்கிறதா, போய்விட்டதா? இனிமேல் எழுதுவதை எதில் எழுதட்டும்? சொல் பட்டியல் ஒன்று இருக்கிறது (சொல், ஊர், பொருள், சொன்னவர்), அதை எக்செலில் வைப்பது சரியா?

நொய்யல்

கோவையில் மென்பொருள் வேலை. ஒலிப்பதிவு போகவில்லை, பயப்படாதீர்கள். நீங்கள் பார்த்தது எக்ஸ்எம்எல் கோப்பு. எழுத்து அல்லாத எதையும் அதற்குள் வைக்க வேண்டுமானால் எழுத்தாக மாற்றித்தான் வைக்க முடியும், பேஸ் 64 என்று பெயர். அந்தப் பக்கம் பக்கமான எழுத்துதான் உங்கள் அப்பத்தா பாட்டு. அதைத் திரும்ப ஒலிக்கோப்பாக எடுத்துத் தர ஆள் இருக்கிறது: ஜாப்ளின், அப்சிடியன் என்ற குறிப்புச் செயலிகள் இரண்டுமே இப்படிப்பட்ட கோப்புகளை உள்ளே இழுத்து, குறிப்பைத் தனியாகவும் இணைப்புகளைத் தனியாகவும் பிரித்துக் கொடுக்கும். அப்சிடியனில் இம்போர்ட்டர் என்ற செருகியைப் போட வேண்டும். ஒரு நோட்டை மட்டும் முதலில் செய்து பாருங்கள். முடிந்ததும் பழைய செயலியில் ஒரு பாட்டு, புதியதில் அதே பாட்டு, இரண்டையும் கேட்டுச் சரிபாருங்கள்.

இனி எழுதுவதற்கு என் பரிந்துரை சாதாரண உரைக்கோப்பு, மார்க்டவுன் குறிகளோடு. மார்க்டவுன் என்றதும் மிரள வேண்டாம். 2004-இல் வந்தது. தலைப்பு என்றால் முன்னால் # போடுவது, பட்டியல் என்றால் சிறு கோடு போடுவது, அவ்வளவுதான். எந்தச் செயலியும் இல்லாமல் நோட்பேடில் திறந்தாலும் படிக்க முடியும். நீங்கள் கேட்ட "பிள்ளைகளில் ஒருத்தி பிற்பாடு" என்பதற்கு இதைவிட எளிய பதில் எனக்குத் தெரியவில்லை. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக ஏற்றும் மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். 1998 பொங்கலன்று ஆரம்பித்தார்கள், அப்போது தமிழில் யூனிகோடு பெரிதாகப் புழங்கவில்லை. டிஸ்கியில் நிறைய நூல்கள் ஏறின, பிறகு யூனிகோடுக்கு வந்தன. நூல்கள் வெறும் உரையாக இருந்ததால்தான் ஒரு குறியேற்றத்திலிருந்து இன்னொன்றுக்குச் சுலபமாகத் தாண்ட முடிந்தது. பேஜ்மேக்கரில் பூட்டியிருந்தால் இன்றைக்குக் கும்பகோணம் சார் கடை மூலையில் உட்கார்ந்திருக்கும்.

கோப்பின் பெயரில்தான் பாட்டையும் எழுத்தையும் கட்டிவைக்க வேண்டும். எந்தச் செயலியின் இணைப்பையும் நம்பாதீர்கள். "2023-01-17 நடவுப்பாட்டு கீரனூர்" என்று உரைக்கோப்புக்குப் பெயர் வைத்தால், ஒலிக்கும் படத்துக்கும் அதே பெயர். தேதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் முன்னால் போட்டால் எந்தக் கணினியிலும் தானாகவே காலவரிசையில் நிற்கும். பெயரை ரொம்ப நீட்டாதீர்கள். ஆண்ட்ராய்டிலும் லினக்ஸிலும் ஒரு பெயருக்கு 255 பைட்தான் இடம், தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் போகும். நடவுப்பாட்டு என்ற ஒரு சொல்லே 12 குறியீடு, 36 பைட். பாட்டின் முதல் அடியையே கோப்புப் பெயராக வைக்கிற ஆசை வந்தால் இது இடிக்கும்.

தேடல் பற்றிக் கேட்டீர்கள். இதில் தமிழுக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது. "கொ" என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாக வைக்கலாம். ககரமும் ஒகரக் குறி ஒன்றும். அல்லது ககரம், ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்றாக. திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் சாதாரணத் தேடல் ஒன்றைத் தேடினால் இன்னொன்றைக் காட்டாது. விசைப்பலகையில் நாம் அடிப்பது பெரும்பாலும் முதல் வகை. பழைய ஃபான்டிலிருந்து மாற்றிய கோப்புகளில் இரண்டாவது வகை வர நிறைய வாய்ப்பு. அப்பா கோப்பை மாற்றியதும் "கொல்லை", "போச்சு" மாதிரி நாலு சொல்லை நீங்களே அடித்துத் தேடிப் பாருங்கள். கண்முன் இருக்கிற சொல் தேடலில் கிடைக்கவில்லை என்றால் இதுதான் காரணம், எனக்கு அனுப்புங்கள், ஒரு வரி நிரலில் சரிசெய்து தருகிறேன். "மௌனம்" என்பதை ஒற்றைக் கொம்பும் ளகரமும் வைத்து அடிப்பது வேறு, அதை எந்த நிரலும் கண்டுபிடிக்காது, ஆசிரியர்தான் சிவப்பு மையால் சுழிக்க வேண்டும்.

சொல் பட்டியலுக்கு எக்செலில் வேலை செய்யுங்கள், தாராளமாக. மாதம் ஒருமுறை சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் உரை அட்டவணை) ஆகவும் சேமியுங்கள். சேமிக்கும்போது வெறும் சிஎஸ்வி என்று இருப்பதை எடுக்காதீர்கள், "சிஎஸ்வி யுடிஎஃப்-8" என்று தனியாக ஒன்று இருக்கும். வெறும் சிஎஸ்வியில் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாக மாறிவிடும், திரும்ப எடுக்க முடியாது.

முனையம்

ஈமேக்ஸை மூட கன்ட்ரோல் எக்ஸ், கன்ட்ரோல் சி, அக்கா. :)

நொய்யல் அண்ணா, ஒரு ஆட்சேபம். அப்சிடியன் மூடிய மூலம், அதன் நிரலை வெளியார் பார்க்க முடியாது. இலவசம் என்பதால் திறந்தது ஆகிவிடாது. பூட்டு வேண்டாம் என்று கேட்பவரிடம் அதைப் பரிந்துரைக்கலாமா?

நொய்யல்

நியாயமான கேள்வி. ஆனால் ஜாப்ளினோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஜாப்ளின் திறந்த மூலம், ஆனால் குறிப்புகளை ஒரு தரவுத்தளத்துக்குள் வைத்துக்கொள்கிறது. ஒத்திசைக்கும் கோப்புறையில் போய்ப் பார்த்தால் கோப்புப் பெயர் எல்லாம் 32 எழுத்து எண்குவியல். ஏற்றுமதி செய்தால் ஒழுங்கான மார்க்டவுன் கிடைக்கும், அதைச் செய்ய ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அப்சிடியன் மூடியது, ஆனால் அது வேலை செய்வது நம் கோப்புறையின் மேல். நாளைக்கு அதை அழித்தாலும் கோப்புறை அப்படியே இருக்கும், வேறு எதிலாவது திறக்கலாம். நிரல் திறந்திருப்பதும் கோப்பு திறந்திருப்பதும் வேறு வேறு. இரண்டும் கிடைத்தால் நல்லது. ஒன்றுதான் கிடைக்கும் என்றால் டீச்சருக்குக் கோப்பு திறந்திருப்பதுதான் முக்கியம்.

உங்களுக்கு மனசு கேட்கவில்லை என்றால் அதே கோப்புறையை நீங்கள் ஈமேக்ஸில் திறந்துகொள்ளுங்கள். அதுவும் நடக்கும்.

வடமராட்சி

வணக்கம். நான் இருப்பது கனடாவில. பாமினி என்ற சொல்லைக் கண்டதும் எழுத வந்தேன். எங்கட ஆக்களின்ர பழைய மலர்கள், கோயில் மலர், பாடசாலைப் பழைய மாணவர் மலர், கல்வெட்டுப் புத்தகம் (செத்தவீட்டு 31-ஆம் நாளுக்கு அடிக்கிறது) எல்லாம் பாமினியிலதான் கிடக்குது. அதில கொஞ்சத்தை மாத்தின அனுபவத்தில் இரண்டு விஷயம்.

பாமினி போல இருக்கிற எல்லா எழுத்துருவும் பாமினி இல்லை, டீச்சர். விசை அடுக்கு ஒன்றுதான், ஆனால் சில எழுத்துருவில் ஒன்றிரண்டு எழுத்து இடம் மாறி இருக்கும். வடமொழி எழுத்துகளும் "ஸ்ரீ"யும்தான் அதிகம் பிழைக்கும். தொண்ணூறு வீதம் சரியாக வருவதால் மிச்சத்தை ஆரும் கவனிக்கிறதில்லை. அப்பாவின்ர கோப்பில கோயில் பற்றி எழுதியிருக்கிறார் எண்டால் "ஸ்ரீ" வருகிற இடங்களை முதலில பாருங்கோ. அதோட எழுத்துரு பெயரைக் கோப்புக்குக் கோப்பு பாருங்கோ, மனிசர் ஒரே எழுத்துருவில எல்லாத்தையும் அடிக்கிறதில்லை.

மற்றது, வாட்ஸப். ஊரில இருந்து குரல் பதிவு, படம் எல்லாம் அதிலதான் எங்களுக்கு வரும். அதைச் சேமிப்பிடமாக நினைக்கிற ஆக்கள் கனபேர். படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிப்போடும், எடுத்த தேதியும் இடமும் படத்துக்குள்ள இருந்து போயிடும். "ஆவணம்" எண்டு தெரிவு செய்து அனுப்பினால் அப்படியே வரும். குரல் பதிவு ஓபஸ் வடிவத்தில வரும். அது திறந்த தரம், 2012-இல இருந்து இருக்குது, அப்படியே வைக்கலாம். பழைய நோக்கியா காலத்து ஏஎம்ஆர் ஒலிக்கோப்பு ஏதும் கிடந்தால் மட்டும் ஒரு வேவ் நகல் எடுத்து வையுங்கோ. அசலை எறியாதேங்கோ.

புதுகை டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. வடமராட்சி அண்ணே, "ஸ்ரீ" பற்றி நீங்கள் சொன்னது அப்படியே. நாலு கோயில் பெயரில் அந்த இடத்தில் வேறு எதுவோ வந்திருந்தது. பிடிஎஃபை வைத்துத் திருத்திவிட்டோம். அப்பாவே உட்கார்ந்து பார்க்கிறார், பிழை திருத்துகிற சாக்கில் புதிதாகவும் சேர்க்கிறார். "இது இப்ப போன்ல தெரியுமா" என்று பத்தி பத்தியாகக் கேட்கிறார்.

என் குறிப்புகளில் நடவுப்பாட்டு நோட்டை மட்டும் அப்சிடியனுக்கு இழுத்தேன். ஒலிப்பதிவு எல்லாம் தனிக் கோப்பாக வந்தன, ஓடுகின்றன. பெயர்தான் ஒன்றும் புரியவில்லை, நொய்யல் சார் சொன்ன முறையில் மாற்றிக்கொண்டிருக்கிறேன். தாலாட்டு நோட்டைக் கோடை விடுமுறைக்கு வைத்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. போனிலும் கணினியிலும் ஒரே கோப்புறையை வைக்க என் சக ஆசிரியர் சிங்க்திங் போட்டுத் தந்தார். அப்படியென்றால் இரண்டு இடத்தில் இருக்கிறது, பேக்கப் ஆகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

நொய்யல்

இல்லை. சிங்க்திங் நல்லது, நடுவில் யாருடைய சர்வரிலும் கோப்பு தங்காது. ஆனால் ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கமும் அழிந்துவிடும், அதுதான் அதன் வேலை. கணினியில் அந்தக் கோப்புறையின் அமைப்பில் "கோப்புப் பதிப்புகள்" என்று ஒன்று இருக்கும், அதை முடுக்கிவிடுங்கள், போனில் தெரியாமல் அழித்ததைக் கணினியில் கொஞ்ச நாள் வைத்திருக்கும். இன்னொன்று, அதன் அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டு செயலியை 2024 கடைசியில் நிறுத்திவிட்டார்கள். அதே நிரலிலிருந்து பிரித்து வேறு ஆட்கள் நடத்தும் ஃபோர்க் பதிப்பு இருக்கிறது. உங்கள் போனில் எது இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழையது என்றாலும் பதற வேண்டாம். மாற்றிப் போட்டு அதே கோப்புறையைக் காட்டினால் போதும்.

கும்பகோணம் டிடிபி

அதோடு ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்குங்கள் டீச்சர். பென்டிரைவ் வேண்டாம், என் கடைக்கு வருகிற பென்டிரைவ்களில் எத்தனை திறக்காமல் போகின்றன என்று பார்த்தால் நீங்களே தொட மாட்டீர்கள். மாதம் ஒருமுறை மொத்தக் கோப்புறையையும் நகலெடுத்து, அந்த மாதப் பெயரில் தனியாக வையுங்கள், பழையதன் மேல் எழுத வேண்டாம். எழுத்துக்கு ஒன்றும் இடம் பிடிக்காது, ஒலியும் படமும்தான் பிடிக்கும். டிஸ்க் உங்கள் வீட்டில் வேண்டாம், அப்பா வீட்டில் இருக்கட்டும். கணினியும் நகலும் ஒரே மேஜையில் இருந்தால் திருடனுக்கும் மழைக்கும் சௌகரியம்.

அவர் கணினியில் அந்தப் பாமினியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். எங்கேயாவது இன்னும் நாலு கோப்பு ஒளிந்திருக்கும், எங்கள் வீட்டுப் பெரியவரிடம் ஃப்ளாப்பியில்கூடக் கிடைத்தது.

பேஜ்மேக்கர் ஃபைல் ஏதாவது இருந்தால் லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளின் டிராவில் திறந்து பாருங்கள், 2015-இல் வந்த 4.4 பதிப்பிலிருந்து அந்த வசதி உண்டு. பக்க அமைப்பு கலைந்துபோகும், உரை கைக்கு வரும். அதுவும் வரவில்லை என்றால் எனக்கு அனுப்புங்கள், விண்டோஸ் 98 பெட்டி இன்னும் ஓடுகிறது.